கேளுங்கள், அன்ரி சொல்கிறேன்: சீழுக்கு ஏன் மூன்று நாள்?

கேள்வி: அன்ரிக்கு வணக்கம். அம்மாவுக்குச் சீனி வருத்தம். காலில் வெட்டின காயம் சீழ் வைத்து வார்ட்டில் இருக்கிறார். சீழை எடுத்துப்போய் மூன்றாம் நாள்தான் கல்ச்சர் ரிப்போர்ட் தந்தார்கள். ‘எம்ஆர்எஸ்ஏ’ என்றும், குளொக்சசிலின் என்ற மருந்துக்கு நேரே ‘ஆர்’ என்றும் இருக்கிறது. சீனி பார்க்க ஒரு நிமிடம் போதுமே, இதற்கேன் இவ்வளவு நாள்? வீட்டில் கோ-அமொக்சிகிளாவ் மிச்சம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் அதன் பெயர் இல்லை. கொடுக்கலாமா?
- ஒரு மகள், கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் அந்தக் குளிசையை ஒதுக்கி வையுங்கள். ‘ஆர்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று அர்த்தம். எம்ஆர்எஸ்ஏ என்பது குளொக்சசிலினுக்கு மசியாத ‘ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ்’ என்ற கிருமி. அது கோ-அமொக்சிகிளாவுக்கும் செஃபலெக்சினுக்கும் மசியாது. ஒரே குடும்பத்து மருந்துகள். பெயர் ரிப்போர்ட்டில் இல்லை என்பதற்காக அது வேலை செய்யும் என்று எடுக்கக்கூடாது.

நாள் கணக்குக்கு வருவோம். கொழும்பு ஆய்வுகூடங்களில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவள் நான். சீனி இரத்தத்தில் கரைந்து கிடக்கிறது, அளந்தால் சரி. கிருமியை வளர்த்தெடுக்க வேண்டும். முதல் நாள் சீழை இரத்தம் கலந்த ஏகார் (கிருமி வளரும் ஜெலி) தட்டில் இழுத்துவிட்டு 37 பாகையில் வைப்போம். மறுநாள் காலை உறைந்த நெய்த் துளிபோல, பொன்மஞ்சளாகச் சின்னப் பொட்டுகள் எழும்பி நிற்கும். கிராம் சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஊதா நிறக் குலைகள். கிரேக்கத்தில் ‘ஸ்டஃபிலே’ என்றால் திராட்சைக்குலை. ஒக்ஸ்டன் என்ற ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சை நிபுணர் 1882இல் வைத்த பெயர்.

பிறகு ஒரு பொட்டை எடுத்து ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் வைத்தால், ஸ்டஃபிலோகொக்கஸ் என்றால் சோடா திறந்த மாதிரி நுரைக்கும். அடியில் இருக்கும் இரத்தத்தைச் சுரண்டிவிட்டால் அதுவும் நுரைக்கும்; புதுப்பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். அடுத்தது முயல் பிளாஸ்மா. கிருமியைக் கலந்து சில மணித்தியாலம் வைத்து குழாயைச் சரித்தால், ‘ஓரியஸ்’ என்றால் பிளாஸ்மா ஜெலியாக உறைந்து அசையாமல் நிற்கும். தோலில் சும்மா குடியிருக்கும் அதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள் பொதுவாக உறையவைக்காது.

இதன் பிறகுதான் மருந்துப் பரிசோதனை, அதற்கு இன்னொரு இரவு. தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி, மருந்து ஊறிய கடதாசி டிஸ்க்குகளை வைப்போம். மருந்து பலித்தால் சுற்றிலும் வெறும் வட்டம். இங்கே ஒரு வேடிக்கை: நாங்கள் வைப்பது குளொக்சசிலின் டிஸ்க் அல்ல, செஃபொக்சிட்டின் என்ற வேறொரு மருந்தின் டிஸ்க். அம்மாவுக்கு அந்த மருந்தை ஏற்றப்போவதில்லை. கிருமியின் எதிர்ப்பை நன்றாக வெளியே இழுத்துக் காட்டுவதால் வைக்கிறோம். வட்டம் 21 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவென்றால் எம்ஆர்எஸ்ஏ. இன்குபேட்டர் 35 பாகைக்கு மேலே போகக்கூடாது, போனால் எதிர்ப்பு ஒளிந்துகொள்ளும்.

நானே ஒருமுறை கோட்டைவிட்டிருக்கிறேன். அப்போது வைத்தது குளொக்சசிலினின் சகோதரமான ஒக்ஸசிலின் டிஸ்க்தான். வட்டம் நல்ல அகலம் என்று, மருந்து பலிக்கும் என்பதற்கான ‘எஸ்’ போடப் போனேன். பெரியவர் ஒருவர் தட்டை வாங்கி யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வட்டத்துக்குள்ளே ஊசிமுனை அளவில் புகார்போல ஒரு படலம். எதிர்ப்புள்ள கிருமிகள்! அவர் ஒன்றும் பேசவில்லை, அளவுகோலை என் கையில் தந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வெளிச்சத்தில் பிடிக்காமல் ஒரு தட்டையும் நான் வாசித்ததில்லை.

கேள்வி: ரிப்போர்ட்டில் வன்கொமைசின் என்ற மருந்துக்கு நேரே ‘எஸ்’ என்றால், அதை ஏன் குளிசையாகத் தரவில்லை? அம்மா வீட்டுக்கு வந்ததும் பேரனைத் தூக்கலாமா?
- அதே மகள்

பதில்: வன்கொமைசினை விழுங்கினால் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏறாது. கால் காயத்துக்குப் போய்ச்சேர நாளத்தால்தான் ஏற்ற வேண்டும்.

பேரனைத் தாராளமாகத் தூக்கட்டும். ஓரியஸ் ஏறத்தாழ பத்துப் பேரில் மூன்று பேரின் மூக்கில் சத்தமில்லாமல் இருக்கிறது, உங்கள் மூக்கிலும் இருக்கலாம். காயம் மூடியிருக்க வேண்டும், பிள்ளையைத் தொட முதல் சவர்க்காரத்தால் கை கழுவ வேண்டும். துவாயைத் தனியாக வையுங்கள். கட்டு மாற்றின துணியைப் பொலித்தீன் பையில் முடிந்து போட்டுவிட்டு, நீங்களும் கையைக் கழுவுங்கள்.