பின்பக்கம் இன்னொரு வீடு: கலிபோர்னியா ஏடியு கேள்வி பதில்

கலிபோர்னியாவில் சொந்த வீட்டு மனையில் இரண்டாவதாக ஒரு சின்ன வீடு, அதாவது ஏடியு, கட்டுவது பற்றிக் கேளுங்கள். சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் வரைபடம் போட்டு பெர்மிட் வாங்கித் தருவது என் வேலை. வீசா, வாஸ்து இரண்டும் எனக்குத் தெரியாது. கேட்பதற்கு முன் வீடு வாங்கியபோது வந்த, மனையின் உரிமை விவரம் சொல்லும் டைட்டில் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, அதில் ஈஸ்மென்ட், அதாவது உங்கள் மனையில் கம்பி, குழாய் போன்றவற்றுக்காகப் பிறருக்கு ஒதுக்கிய இடம், ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃப்ரீமான்ட் வாசி: அக்கா, அப்பா அம்மாவுக்காகப் பின்னால் ஒரு வீடு கட்டலாம் என்று யோசனை. மனை 6,000 சதுர அடிதான், இருக்கும் வீடே பெரியது, சிட்டி விடாது என்கிறார் எங்கள் ரியல்டர். உண்மையா?

பதில்: அது பழைய கதை. 2020இல் மாநிலச் சட்டம் இந்த விஷயத்தில் ஊர்களின் கையைக் கட்டிவிட்டது. தனி வீடு இருக்கும் மனையில் 800 சதுர அடிக்குள், பக்கத்திலும் பின்னாலும் 4 அடி விட்டு, 16 அடி உயரத்துக்குள் கட்டினால், மனையில் இத்தனை சதவீதம்தான் கட்டலாம், குறைந்தது இவ்வளவு மனை வேண்டும் என்றெல்லாம் சொல்லி மறுக்க முடியாது. 800ஐத் தாண்டினால் ஊர் விதிகள் உள்ளே வரும். அப்போதும் உச்சவரம்பை ஒரு படுக்கையறை என்றால் 850க்கும், அதற்கு மேல் என்றால் 1,000க்கும் கீழே இறக்க முடியாது. குறையில்லாத விண்ணப்பம் கொடுத்து 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கணக்கு.

இதெல்லாம் காகிதத்தில். நான் பார்த்த வரையில் வேலை சிக்குவது சோனிங்கில், அதாவது எங்கே எதைக் கட்டலாம் என்ற ஊர் விதியில், இல்லை, தரைக்கு அடியில். பின்வேலியை ஒட்டி மின்கம்பியோ சாக்கடைக் குழாயோ போவதற்காக 5 அடி, 10 அடி என்று ஈஸ்மென்ட் ஒதுக்கியிருப்பார்கள். 4 அடி சட்டத்தைக் காட்டி அதன்மேல் கட்ட முடியாது. 10 அடி ஈஸ்மென்ட் இருந்தால் சுவர் 10 அடி தள்ளித்தான். கூரை விளிம்பும் அதற்குள் நீளாதபடி வரையுங்கள். இரண்டையும் கூட்டி 14 என்று பயப்பட வேண்டாம், எது அதிகமோ அதுதான்.

அப்புறம் கழிவுநீர். பெரும்பாலும் வீட்டுக் குழாய் தெருப் பக்கம் போகும், புது வீடோ பின்னால். குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். 80 அடி தூரம் என்றால் 20 அங்குலம் இறங்கியாக வேண்டும். பழைய குழாய் அந்த ஆழத்தில் இல்லையென்றால் பம்ப் வைக்க வேண்டிவரும். அதனால் வரைபடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் பிளம்பரைக் கூப்பிட்டு, கிளீன்-அவுட் (குழாயில் அடைப்பு எடுக்கும் வாய்) மூடியைத் திறந்து, உள்ளே டேப் விட்டு ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். மின் பேனல் 100 ஆம்ப் என்றால் இரண்டு வீட்டுக்குப் போதாமல் போகலாம், மின் நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள். சுவர் எழும்பி, பெயின்ட் அடித்து, மீட்டருக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

சன்னிவேல் வாசி: 4 அடி என்பது பக்கவாட்டுக்குமா?

பதில்: ஆமாம்.

மில்பிடாஸ் வாசி: மேடம், நாங்கள் வாங்கிய வீட்டில் பழைய உரிமையாளர் கராஜை அறையாக மாற்றிச் சமையல் மேடையும் போட்டிருக்கிறார். பெர்மிட் இல்லை. வாடகைக்கு விடலாமா? எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

பதில்: எல்லோரும் செய்வது தெரியும். தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது பெர்மிட்டைத்தான். குடியிருப்பவர் வாடகையை நிறுத்தினால் நீதிமன்றத்திலும் உங்கள் கை ஓங்காது, பெர்மிட் இல்லாத வீட்டுக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால் உங்களுக்கு வழி இருக்கிறது. 2020 ஜனவரி 1க்கு முன் கட்டியது என்றால், இன்றைய கட்டட விதி ஒவ்வொன்றுக்கும் பொருந்தவில்லை என்பதற்காக பெர்மிட்டை மறுக்கக் கூடாது. உயிருக்கோ ஆரோக்கியத்துக்கோ ஆபத்தானதைச் சரிசெய்யச் சொல்லலாம், அவ்வளவுதான். 2025இல் நடைமுறைக்கு வந்தது இது. பழைய ரியல் எஸ்டேட் விளம்பரப் படங்களைத் தேடுங்கள், கட்டிய காலத்துக்கு அதைவிட நல்ல சான்று சுலபத்தில் கிடைக்காது. சிட்டிக்குப் போகும் முன் உரிமம் பெற்ற ஒருவரை வைத்து வயரிங்கையும் அவசர வெளியேற்ற ஜன்னலையும் பார்த்துவிடுங்கள். இருக்கிற கராஜ் என்பதால் அது வேலியை ஒட்டி நின்றாலும் 4 அடி விதி இல்லை. போன கார் இடத்துக்கு ஈடாக வேறு இடமும் காட்ட வேண்டாம்.

சான்டா கிளாரா வாசி: ஏன் எல்லா பிளானும் 749 சதுர அடி என்றே இருக்கிறது?

பதில்: 750க்குக் கீழே இருந்தால் ஊர் இம்பாக்ட் கட்டணம், அதாவது புது வீட்டால் ஊர் வசதிகளுக்கு வரும் சுமைக்கான கட்டணம், வாங்கக் கூடாது. 750ஐத் தாண்டினால் பெரிய வீட்டின் பரப்போடு ஒப்பிட்டு விகிதப்படி வாங்கலாம். ஒரு சதுர அடியில் ஆயிரக்கணக்கான டாலர் நிற்கிறது. பள்ளி மாவட்டக் கட்டணம் இதில் சேராது, அதைத் தனியாக விசாரியுங்கள்.

குபர்டினோ வாசி: எல்லோரும் கட்டுவதைப் பற்றியே கேட்கிறீர்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் வேலியிலிருந்து 4 அடியில் எழுப்புகிறார். எங்களுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. எதிர்ப்பை எங்கே பதிவு செய்வது?

பதில்: அதற்கு இடமே இல்லை. அளவுகள் சரியாக இருந்தால் அதிகாரி அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். பொதுக் கூட்டம் கிடையாது, அக்கம்பக்கத்தாரின் சம்மதமும் கேட்பதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது உயரம். தனியாக நிற்கும் ஏடியுவுக்கு மாநிலம் உறுதி தருவது 16 அடி, பெரிய ரயில் அல்லது பஸ் நிறுத்தத்துக்கு அரை மைலுக்குள் என்றால் 18. அதற்கு மேல் மாடி எழுப்ப விடுவது ஊரின் விருப்பம். அப்படி விடும் சில ஊர்கள் பக்கத்து வீட்டைப் பார்க்கும் மாடி ஜன்னலுக்கு நிபந்தனை வைக்கின்றன. பெர்மிட் எண்ணைச் சொல்லி சிட்டியில் விசாரியுங்கள்.

ட்ரேசி வாசி: சான் ஹோசேயில் வாடகை கட்டுப்படியாகாமல் தொலைவில் இருக்கும் ட்ரேசியிலிருந்து தினமும் ஓட்டி வருகிறோம். உங்களுக்கு ஜன்னல்தான் பிரச்சினையா சார்?

குபர்டினோ வாசி: ஜன்னல் மட்டுமா? தெருவில் இப்போதே கார் நிறுத்த இடமில்லை. வாங்கும்போது இருந்த விதி வேறு.

ஹேவர்ட் வாசி: மாமனார் மாமியாருக்கு இரண்டு அறை கட்ட எத்தனை நாளாகும் என்று போன முறை கேட்டது நீங்கள்தானே?

குபர்டினோ வாசி: அது வேறு விஷயம். அது குடும்பத்துக்கு.

பதில்: வேறு விஷயமே இல்லை சார். உங்கள் இரண்டு அறைக்கும் அவர் வீட்டுக்கும் சட்டம் ஒன்றுதான், உள்ளே யார் குடியிருப்பார்கள் என்று அது கேட்பதில்லை. கார் பற்றி நீங்கள் சொல்வது நியாயம்: பொதுப் போக்குவரத்து அரை மைல் நடைக்குள் இருந்தால் ஏடியுவுக்கு கார் இடமே கேட்கக் கூடாது, அந்த பஸ் மணிக்கு ஒன்று வந்தாலும் சரி. அது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் கூட்டம் வைத்த ஊர்களில் என்ன நடந்தது? மாலை நேரத்தில் வந்து உட்கார முடிந்தவர்கள் பேசினார்கள், கட்ட நினைத்தவர் ஒரு வருஷம் அலைந்து விட்டுவிட்டார். அதனால்தான் கூட்டத்தையே எடுத்தார்கள். நான் அதன் பக்கம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரில் பேசிப் பாருங்கள். ஜன்னலுக்கு ஊடே தெரியாத மங்கல் கண்ணாடி போடச் சொன்னால் பலர் சம்மதிக்கிறார்கள், செலவும் அதிகமில்லை.

ட்ரேசி வாசி: அப்படியென்றால் கார் இடம்...

பதில்: கார் போதும். அடுத்த கேள்வி.

டப்ளின் வாசி: எங்கள் ஹெச்ஓஏ, அதாவது குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம், ஏடியு கூடாது என்கிறது.

பதில்: தனி வீட்டு மனையில் அந்த விதி 2020 முதல் செல்லாது. நிறம், கூரை போன்றவற்றுக்கு நியாயமான நிபந்தனை வைக்கலாம். டவுன்ஹவுஸ் (சுவர் ஒட்டிய வரிசை வீடு) என்றால் கதை வேறு, பத்திரத்தோடு வக்கீலிடம் போங்கள்.

பெயர் சொல்லாதவர்: ஈசானிய மூலையில் கட்டலாமா?

பதில்: சாக்கடைக் குழாய் எந்த மூலையில் என்று சொல்லுங்கள், பேசலாம்.

டெக்சாஸ் நண்பர்: ஃப்ரிஸ்கோவில் விதி என்ன?

பதில்: கலிபோர்னியா மட்டும். உங்கள் ஊர் பிளானிங் துறையைக் கேளுங்கள்.

அம்பத்தூரிலிருந்து: மாடியில் ஒரு போர்ஷன்...

பதில்: அங்கே 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள். பதிவு பெற்ற பொறியாளரிடம் காட்டுங்கள்.

ப்ளெசன்டன் வாசி: 4 அடி என்பது சுவரிலிருந்தா, வேலியிலிருந்தா?

பதில்: மனை எல்லையிலிருந்து. வேலி எல்லையில்தான் இருக்கிறது என்று யார் சொன்னது? சர்வே எடுங்கள். 4 அடி பற்றி இனிக் கேட்பவர்கள் முதல் பதிலைப் படிக்கவும். ஈஸ்மென்ட் பாருங்கள் என்றேனே, ஒருவராவது பார்த்தீர்களா?

யூனியன் சிட்டி வாசி: சொத்து வரி மொத்தமும் இன்றைய விலைக்கு ஏறிவிடுமா?

பதில்: ஏறாது. 1978இன் பிராப்பொசிஷன் 13 பழைய வீட்டு மதிப்பை அப்படியே விடும். புதிதாகக் கட்டிய பகுதியை மட்டும் மதிப்பிட்டுச் சேர்ப்பார்கள்.

சான் ரமோன் வாசி: ஏடியுவை மட்டும் தனியாக விற்கலாமா?

பதில்: ஊர் அனுமதித்திருந்தால் கான்டோ (தனித்தனிச் சொந்தமுள்ள அடுக்குமாடி வீடு) போலப் பிரித்து விற்கலாம். சான் ஹோசே 2024இல் அனுமதித்தது.

நியூவர்க் வாசி: நல்ல கான்ட்ராக்டர் ஒருவர் பெயர் சொல்லுங்கள் அக்கா. ஒருவர் 30 சதவீதம் முன்பணம் கேட்கிறார், தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார்.

பதில்: பெயர் சொல்ல மாட்டேன். முன்பணம் 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்குவது இந்த மாநிலத்தில் சட்டவிரோதம். ஏடியு விலைக்கு அது எப்போதும் 1,000 டாலர்தான். சிறப்பு பாண்ட் (ஒப்பந்தத்துக்கான உத்தரவாதப் பத்திரம்) வைத்திருக்கும் சிலருக்கு மட்டும் விலக்கு. அப்படிச் சொன்னால் மாநிலக் கான்ட்ராக்டர் உரிம வாரியத் தளத்தில் அவர் எண்ணைப் போட்டு, பாண்டும் தொழிலாளர் காப்பீடும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தள்ளுபடியோடு அவரை அனுப்பிவிடுங்கள். மீதிப் பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள்: அடித்தளம் ஆய்வில் தேறியதும் ஒன்று, சுவர்ச் சட்டகம் நின்றதும் ஒன்று, இப்படி. கடைசித் தவணை இறுதி ஆய்வில் கையெழுத்து விழுந்த பிறகு.