ஊரில் எத்தனை நாள், வெளியே எத்தனை நாள்? அண்ணாச்சி பதில்கள்

கடையநல்லூர்: அண்ணாச்சி, துபாயில் வேலை. அம்மாவுக்கு முடியவில்லை என்று வந்து ஐந்து மாதம் தாண்டிவிட்டது. விசா அடுத்த வருஷம் வரை இருக்கிறது. பயமில்லையே?

பயம் உண்டு. அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து 180 நாளைத் தாண்டினால், கோல்டன் விசாக்காரர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்குக் குடியிருப்பு விசா போய்விடும். அட்டையில் என்ன தேதி இருந்தாலும் சரி. ‘ஆறு மாசம்’ என்று வாயால் எண்ணாதீர்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை 183 நாள். காலண்டரை எடுத்து ஒவ்வொன்றாகக் கிழியுங்கள்.

மேலப்பாளையம்: என்ஆர்ஐ தகுதி போகாமல் ஊரில் எத்தனை நாள் இருக்கலாம்?

நிதியாண்டுக்கு 181. அதாவது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 182 ஆனால் வருமான வரிக்கு நீங்கள் உள்ளூர்க்காரர். கடை வாடகை, வட்டி என்று இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுகிறவர், முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் இங்கே இருந்திருந்தால், எல்லை 120 நாளாக இறங்கிவிடும்.

பலர் கோட்டை விடுவது மார்ச் 31இல். டிசம்பர் 10 வந்திறங்கி ஜூன் 20 விமானம் ஏறுகிறார் ஒருவர். மொத்தம் 193 நாள். ஆனால் மார்ச் வரை 112, ஏப்ரலுக்கு அப்புறம் 81. இரண்டு ஆண்டிலும் 182 வரவில்லை, தப்பித்தார். அதே ஆள் மகள் கல்யாணம், வீடு பால்காய்ப்பு என்று அக்டோபரில் திரும்ப வந்தால், அந்த 81 ஏற்கெனவே செலவாகிவிட்டது. மீதி 100தான்.

தென்காசி: வந்த நாளை எண்ண வேண்டாம் என்று எங்க ஆடிட்டர் சொல்லுதாரே?

சொல்லுவார். அப்படித் தீர்ப்பு உண்டு, இரண்டு நாளையும் எண்ணு என்ற தீர்ப்பும் உண்டு. எதற்கு வம்பு? வந்த நாள், போன நாள் இரண்டையும் எண்ணுங்கள்.

அதே தென்காசி: ராத்திரி 11.50க்குத் திருவனந்தபுரத்தில் இறங்கினால் பத்து நிமிஷத்துக்கு ஒரு நாளா? அநியாயம்.

வரிசையில் நின்று முத்திரை விழும்போது மணி 12 தாண்டியிருக்கும், கவலை வேண்டாம். சட்டத்துக்குச் சட்டம் கணக்கு வேறு. ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகள் ஒரே விசாவில் சேர்ந்திருக்கும் ஷெங்கனில் நுழைந்த நாளும் கிளம்பிய நாளும் தங்கிய நாளே. பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்பவருக்கு வெளியே கழித்த முழு நாட்கள் மட்டுமே எண்ணிக்கை, கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் சேராது. ஒரு நாட்டுக் கணக்கை இன்னொன்றில் போடாதீர்கள். 181 வரை இழுத்துக்கொண்டு போய் அரை நாளுக்கு மல்லுக்கு நிற்பதைவிட 175இல் டிக்கெட் போடுங்கள்.

வள்ளியூர்: ஆறு மாசம்னா 180 நாள்தானே?

முதல் பதிலைப் படியுங்கள்.

வீரவநல்லூர்: கப்பல் வேலை. இந்தியத் துறைமுகத்தில் ஏறினால்?

வெளிநாட்டுப் பயணமென்றால் சிடிசியில் (கப்பல்காரரின் பணிப் பதிவேடு) உள்ள ஏறிய தேதி முதல் இறங்கிய தேதி வரை இந்திய நாளாகச் சேராது. தூத்துக்குடி, கொச்சி, மும்பை என்று கரையோரமே ஓடினால் சேரும்.

பாளையங்கோட்டை: மகன் ஜெர்மனியில். 90 நாள் முடிந்ததும் ஒரு நாள் லண்டன் போய்வந்தால் புதுக் கணக்குதானே?

இல்லை. எந்த நாளில் நின்று பார்த்தாலும் பின்னோக்கி 180 நாளுக்குள் 90 மட்டுமே.

அம்பாசமுத்திரம்: மகள் அமெரிக்காவில். பத்து வருஷ விசா. எவ்வளவு நாள் இருக்கலாம்?

விசா வாசல் வரைக்கும்தான். வருகைப் பதிவான ஐ-94இல் போட்ட தேதிக்குள் கிளம்ப வேண்டும். இறங்கிய உடனே அதை எடுத்துப் பாருங்கள்.

களக்காடு: கத்தாரில் அபராதம்...

எனக்குத் தெரிந்த விஷயமில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கேளுங்கள்.

மறுபடியும் தென்காசி: அண்ணாச்சி, இப்போ தானியங்கி இ-கேட்டில் முத்திரையே விழுவதில்லை. வந்த நாளுக்கு என்ன சாட்சி?

இது நல்ல கேள்வி. போர்டிங் பாஸை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்காதீர்கள், படம் எடுத்து வையுங்கள். முத்திரை இல்லாவிட்டாலும் குடிவரவுத் துறையிடம் உங்கள் தேதி இருக்கிறது. நீங்கள் வரிப் படிவத்தில் எழுதும் எண்ணிக்கை அதோடு ஒத்துப்போக வேண்டும்.