தந்தையர் செய்த பாவத்திற்குப் பிள்ளைகள் தண்டனை பெறுவார்களா? எசேக்கியேல் என்ன சொல்கிறார்?

இல்லை என்பதே விவிலியத் தீர்க்கதரிசியான எசேக்கியேலின் பதில். அதை அவர் தம் நூலின் 18ஆம் அதிகாரம் முழுவதிலும் விரித்துரைக்கிறார். கி.மு. 597இல் அரசன் யோயாக்கீனோடு பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட யூதர்களுள் ஒருவரான அவர், கேபார் ஆற்றங்கரையில் குடியேற்றப்பட்ட மக்களிடையே பேசினார். அம்மக்களோ, தந்தையர் புளித்த திராட்சைக் காய்களைத் தின்றதால் பிள்ளைகளின் பற்கள் கூசின என்னும் பழமொழியைச் சொல்லி, தங்கள் துயரத்திற்கு முன்னோரையே பொறுப்பாக்கினர்.

இதற்கு மறுப்பாக அவர் மூன்று தலைமுறைகளைக் காட்டுகிறார்: நீதியுள்ள தந்தை, கொள்ளையும் கொலையும் செய்யும் மகன், அவற்றைக் கண்டு விலகி நடக்கும் பேரன். தந்தையின் நீதி மகனைக் காப்பதில்லை; மகனின் குற்றம் பேரன்மேல் விழுவதுமில்லை. பாவம் செய்யும் ஆத்துமாவே சாகும்.

ஆனால், என் பார்வையில், அதிகாரத்தின் உயிர்நாடி இதற்குப் பிறகே வருகிறது. ஒருவன் தன் முன்னோரின் கடந்தகாலத்திற்கு மட்டுமன்றி, தன் சொந்தக் கடந்தகாலத்திற்கும் நிரந்தரமாகக் கட்டுண்டவன் அல்லன். தீயவன் மனந்திரும்பினால் அவனுடைய பழைய மீறுதல்கள் நினைக்கப்படுவதில்லை, நீதிமான் வழிதவறினால் அவனுடைய பழைய நன்மைகளும் அவனுக்குத் துணைநிற்பதில்லை. இது நியாயமா என்று கேட்டவர்களிடம், துன்மார்க்கனின் சாவைக் கடவுள் விரும்புவதில்லை, அவன் திரும்பிப் பிழைப்பதையே விரும்புகிறார் என்று அவர் அறிவிக்கிறார்.

அந்தத் திரும்புதலும் வெறும் வருத்தமன்று: அடகாக வாங்கியதைத் திருப்பித் தருவதும், கொள்ளையிட்டதை ஈடுசெய்வதும் அதில் அடங்கும் என்று 33ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே கூறுகிறது.