தண்ணீர் சுத்தம், மட்டியில் காட்மியம்: விற்கலாமா?

கேள்வி: உவர்நீர் ஏரியின் அடித்தரையில் மட்டி வளர்க்கிறேன். ஏரிக்கு வரும் ஓடையோரம் முலாம் பூசும் பட்டறைகள் இருக்கின்றன. தண்ணீர்ச் சோதனையில் கன உலோகம் எதுவும் தென்படவில்லை. மட்டிச் சதையில் மட்டும் காட்மியம் கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. இரண்டு நாள் நல்ல தண்ணீரில் போட்டால் போய்விடும் என்கிறார்கள். அடிச்சேற்றை அள்ளிக் காய்கறிப் பாத்திக்குப் போடவும் எண்ணம். செய்யலாமா?

பதில்: முதலில் அந்த 4 ஈர எடைக்கா, உலர் எடைக்கா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். மட்டிச் சதையில் ஏறக்குறைய 80 சதவீதம் நீர். உலர் எடைக்கு 4 என்றால் ஈர எடைக்குச் சுமார் 0.8தான். உணவு வரம்புகளெல்லாம் ஈர எடைக்கே சொல்லப்படுகின்றன: மட்டிக்குக் காட்மியம் கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரத்தில் கிலோவுக்கு 2 மில்லிகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 1. ஆக, 4 என்பது ஈர எடை என்றால் விற்பனையை இன்றே நிறுத்துங்கள். உலர் எடை என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது, 0.8 ஐரோப்பிய வரம்பை ஒட்டித்தான் நிற்கிறது.

தண்ணீர் சுத்தமாக வந்ததில் வியப்பில்லை. ஓடையில் வரும் உலோகம் களித்துகளிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். நீங்கள் தண்ணீர் எடுத்த அன்று கழிவு வராமலும் இருந்திருக்கலாம். மட்டியோ நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்கிறது, கலங்கும் வண்டலும் அதோடு உள்ளே போகிறது. பட்டறைகள் நாளைக்கே மூடினாலும் வண்டலில் இருப்பது பல வருடம் இருக்கும்.

இரண்டு நாள் நல்ல தண்ணீரில் விடுவது கிருமிக்கான வைத்தியம். குடலில் இருக்கும் சேறும் அதில் வெளியேறும். காட்மியம் அப்படியல்ல. சதைக்குள் புரதத்தோடு பிணைந்து, செரிமானச் சுரப்பியில் நிறையத் தங்கிவிடுகிறது. அது பாதியாகக் குறையவே பல வாரங்கள், சில இனங்களில் மாதங்கள் ஆகும். வேகவைத்தாலும் அழியாது. இரண்டு நாளில் போய்விடும் என்று சொல்பவர் விற்கிறவராகத்தான் இருப்பார், தின்கிறவராக இருக்கமாட்டார்!

சேற்றை அள்ளும் யோசனையை விட்டுவிடுங்கள். காற்றுப் படாத கறுப்புச் சேற்றில் உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து சல்ஃபைடாகக் கட்டுண்டு கிடக்கும். கிளறிக் காற்றுப் பட்டதும் அந்தக் கட்டு அவிழும், பக்கத்து மட்டிக்கே அது கேடு. பாத்தியில் காய்ந்தால் அதே சேறு அமிலமாகவும் மாறலாம். அமில மண்ணில் காட்மியத்தைக் கீரைகள் தாராளமாக உறிஞ்சும். போதாததற்கு உப்பு வேறு.

அப்புறம், மறுசோதனை. ஒரே அளவிலான மட்டி 25 போல எடுத்து, விற்கும் நிலையில் எப்படியோ அப்படியே முழுச் சதையையும் கொடுங்கள். முட்டையிட்டு மெலிந்த சமயத்தில் எடுக்காதீர்கள், அப்போது எண் கூடித் தெரியும். காட்மியத்தோடு ஈயம், பாதரசமும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடை முகத்திலும் அதற்கு எட்ட ஓரிடத்திலும் மேல் வண்டல் 5 சென்டிமீட்டரை பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்துத் தனித்தனியாகச் சோதியுங்கள். தூரத்து வண்டல் தெளிவாகக் குறைவாக இருந்தால் அடுத்த குஞ்சுகளை அங்கே விடலாம். வித்தியாசமே இல்லையென்றால் அந்த ஏரியில் உணவுக்கு மட்டி வளர்க்க நான் சொல்லமாட்டேன். இரண்டு அறிக்கையையும் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.