16 நாளில் வட்டு நிரம்பியது ஏன்? பெரிய கோப்புகளின் பேக்கப்: கேள்வி-பதில்

கே: வர்ச்சுவல் மெஷினின் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினியின்) வட்டுக் கோப்பு 60 ஜிபி. அன்றாடம் கொஞ்சம்தான் மாறுகிறது. ஆர்சிங்க் என்ற நகலெடுப்பு மென்பொருளை வைத்து, ஹார்டு லிங்க் முறையில் (மாறாத கோப்பை மறுபடி நகலெடுக்காமல் பழைய பிரதியையே சுட்டும் முறை) தினம் பேக்கப் எடுத்தேன். 1 டிபி வட்டு 16 நாளில் நிரம்பிவிட்டது.

ப: நிரம்பத்தான் செய்யும். அந்த முறையில், துளியும் மாறாத கோப்புக்குத்தான் இடம் மிச்சம். ஒரு பைட் மாறினாலும் 60 ஜிபியும் புதுப் பிரதியாக உட்கார்ந்துவிடும். போர்க் அல்லது ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளுக்கு மாறுங்கள். இவை கோப்பைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு, கையிருப்பில் இல்லாத துண்டை மட்டும் சேமிக்கும். துண்டின் அளவு ரெஸ்டிக்கில் சராசரியாக 1 எம்பி, போர்க்கில் சுமார் 2 எம்பி. எங்கே வெட்டுவது என்பதை உள்ளடக்கமே தீர்மானிக்கிறது; நடுவில் நாலு எழுத்து நுழைந்தாலும் அதற்குப் பின்னால் உள்ள துண்டுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வட்டுக் கோப்பில் எதுவும் நடுவில் நுழைவதில்லை, இருந்த இடத்திலேயேதான் மாறும்; அதற்கு அந்தச் சாமர்த்தியம்கூட வேண்டாம். போர்க்கில் 4 எம்பி என்று நிலையான அளவு கொடுத்தால் வேலை இன்னும் விரைவாக முடியும். மெஷினை நிறுத்திவிட்டு எடுங்கள்.

கே: போர்க்கில்தான் எடுக்கிறேன். ஆனாலும் தரவுத்தள டம்ப் (தரவுத்தளம் முழுவதையும் கொட்டி எடுத்த கோப்பு) ஒவ்வொரு இரவும் முழு அளவு இடம் பிடிக்கிறது.

ப: ஜிஜிப் என்ற கருவியால் சுருக்கிவிட்டுக் கொடுக்கிறீர்கள், சரியா? நானும் பல மாதம் இதே தவறைச் செய்து, பழியை மென்பொருள்மீது போட்டுக்கொண்டிருந்தேன். முதல் அட்டவணையில் ஒரு வரி மாறினால், சுருக்கிய கோப்பில் அதற்குப் பிறகு வருவதெல்லாம் வேறாகிவிடும். பொருந்தும் துண்டு எப்படிக் கிடைக்கும்? டம்பைச் சுருக்காமல் கொடுங்கள், சுருக்குவதைப் போர்க் பார்த்துக்கொள்ளும். சுருக்கியே தீரவேண்டும் என்றால் ஜிஜிப்பில் ‘ஆர்சிங்கபிள்’ என்ற விருப்பம் இருக்கிறது; ஒரு மாற்றம் கோப்பு முழுக்கப் பரவாமல் அது பார்த்துக்கொள்ளும்.

கே: பழைய பேக்கப்புகளை நீக்கியும் இடம் திரும்பவில்லையே?

ப: போர்க் 1.2 முதல், இடத்தை மீட்கும் ‘காம்பாக்ட்’ கட்டளையைத் தனியாக ஓட்ட வேண்டும். ரெஸ்டிக்கில் பேக்கப்பைப் பட்டியலிலிருந்து நீக்கும் ‘ஃபர்கெட்’ போதாது, தேவையற்ற துண்டுகளை அழிக்கும் ‘ப்ரூன்’ வேண்டும்.

கே: வெராகிரிப்ட் (தரவை மறையாக்கிப் பூட்டும் மென்பொருள்) பெட்டகக் கோப்பை, உள்ளே மாற்றினாலும் ஆர்சிங்க் மறுபடி நகலெடுப்பதே இல்லை. பிழைச் செய்தியும் வருவதில்லை.

ப: உள்ளே எவ்வளவு எழுதினாலும் பெட்டகத்தின் அளவு மாறாது. மாற்றிய நேரத்தையும் வெராகிரிப்ட் பழையபடியே வைத்துவிடும்; அதன் இயல்பு அமைப்பே அப்படி. ஆர்சிங்க் வழக்கமாகப் பார்ப்பதோ இந்த இரண்டை மட்டும்தான். நேரத்தைப் பாதுகாக்கும் அந்த அமைப்பை இன்றே அணைத்துவிட்டு, பெட்டகத்தில் ஏதாவது ஒன்றை எழுதி மூடிய பிறகு ஆர்சிங்க்கை ஓட்டுங்கள்.