ஆளுயரக் கடிகாரத்துக்கு நம்மூர் ஒத்துக்கொள்ளவில்லையா?

கேள்வி: அண்ணாச்சி, லண்டனில் வேலை பார்க்கும் என் மகன் அங்கே ஏலத்தில் பழைய ஆளுயரக் கடிகாரம் ஒன்றை எடுத்துக் கப்பலில் அனுப்பினான். அங்கே நேரம் தப்பாமல் ஓடியதாம். இங்கே தினமும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்துகிறது. பார்க்க வந்த மெக்கானிக், சக்கரம் தேய்ந்துவிட்டது, பேட்டரி மிஷின் வைத்துவிடலாம் என்கிறார். வெள்ளை பெயிண்ட் டயல், மூலையில் பூ வரைந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பேர்போன இங்கிலாந்துக் கடிகாரக் கலைஞர் தாமஸ் டாம்பியன் செய்ததாக இருக்குமோ? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: அந்த பேட்டரியை முதலில் வாசலோடு திருப்பி அனுப்புங்கள் அண்ணாச்சி. ஊர் மாறியதுதான் காரணம். பூமி நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதாலும் தன்னைத்தானே சுற்றுவதாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு குறைவு, ஈர்ப்பு குறைந்தால் பெண்டுலம் மெதுவாக ஆடும். லண்டன் இருப்பது வட அட்சரேகை 51.5 டிகிரியில், பாளையங்கோட்டை 8.7 டிகிரியில், கணக்குப் போட்டால் நாளுக்கு ஏறக்குறைய 2 நிமிடம் 14 நொடி பிந்த வேண்டும், உங்களுடையதும் அப்படித்தானே பிந்துகிறது! 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமெரிக்காவின் கயேனில் இருந்தபோது அவர் கடிகாரமும் நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. நியூட்டனே அதை எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார்.

பெண்டுலக் குண்டுக்கு அடியில் ஒரு நட்டு இருக்கும். குண்டு மேலே ஏறினால் பெண்டுலம் வேகமாக ஆடும். குண்டு மொத்தம் 3 மில்லிமீட்டர் மேலே ஏறும்படி கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நம்ம வெயிலுக்குப் பெண்டுலக் கம்பி நீளும்தான், ஆனால் அதனால் பிந்துவது சில நொடிதான். டிக் டிக் சத்தம் நொண்டினால் பெட்டி சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம், ரசமட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள்.

டாம்பியன் ஆசையை விட்டுவிடுங்கள். அவர் 1713-லேயே இறந்துவிட்டார், அவர் காலத்து டயல் பித்தளை. வெள்ளை பெயிண்ட் டயல் வந்ததே 1770 வாக்கில், பர்மிங்ஹாம் பட்டறைகளில் மொத்தமாகச் செய்து ஊர் ஊராக விற்றார்கள். டயலில் ஏதாவது பெயர் இருந்தாலும் அது விற்றவர் பெயராக இருக்கலாம். நகை செய்வது ஆசாரி, டப்பாவில் இருப்பது கடைப் பெயர், அதுபோலத்தான். மரப்பெட்டி இன்னொரு தச்சர் வேலை. டயலைக் கழற்ற நேர்ந்தால், பின்னால் இரும்புத் தகடு இருக்கிறதா, அதில் எழுத்து வார்த்திருக்கிறதா என்று பாருங்கள், டயல் செய்த பட்டறை அதில் தெரியலாம்.

அப்புறம், பெட்டியின் அடியில் கரையான் மண் தெரிகிறதா என்று இன்றைக்கே டார்ச் அடித்துப் பாருங்கள்.