கிணற்றுக்கு இரண்டு கை பிளீச்சிங் பவுடர் போடலாமா?

கேள்வி: மழைக்குப் பிறகு எங்கள் உறைக்கிணற்றில் இரண்டு கை பிளீச்சிங் பவுடரைத் தூவினோம். இரண்டு நாளாகத் தண்ணீரில் நெடி போகவில்லை. மிச்சத்தை பாத்ரூமில் போட்டு, கறை போக ஆசிட்டும் ஊற்றினேன். புகை கிளம்பி மூச்சடைத்தது, இன்னும் இருமல் இருக்கிறது. மாமியாருக்கு ஆஸ்துமா, ஏழு மாதக் குழந்தையும் உண்டு. இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? கிணற்றின் அகலம் 6 அடி, தண்ணீர் 10 அடி நிற்கிறது. (வாசகி, கடலூர் மாவட்டம்)

பதில்: முதலில் இருமல். நீங்கள் சுவாசித்தது குளோரின் வாயு. அது மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிப் புண்ணாக்கும். லேசாகப் பட்டிருந்தால் தொண்டை எரிச்சலும் இருமலும் ஓரிரு நாளில் தணியும். ஆனால் அதிகமாகப் பட்டவர்களுக்கு, ஆரம்பத்தில் நன்றாக இருந்துவிட்டு, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோப்பதுண்டு. அதனால் முதல் 24 மணி நேரம் கண்காணிப்பு முக்கியம். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ, இளைப்பு கேட்டாலோ, இருமல் கூடிக்கொண்டே போனாலோ வீட்டில் காத்திருக்காமல் ஆக்சிஜன் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு நாள் தாண்டியும் இருமல் நிற்காவிட்டால் ஒருமுறை நெஞ்சைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். மூச்சில் போனதற்கு வயிற்றில் மருந்து தேடுவதில் பயனில்லை. மாமியாரும் அந்த நெடியில் இருந்திருந்தால் அவருடைய இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவருக்குக் கொஞ்சம் வாயுவே போதும்.

புகை ஏன் வந்தது? நீற்றிய சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தினால் சுண்ணாம்பு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதுதான் பிளீச்சிங் பவுடர். 1799-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டெனன்ட் துணி வெளுக்க இதற்குக் காப்புரிமை பெற்றார்; பெயரும் அந்த வெளுப்பு வேலையிலிருந்து வந்ததே. சுண்ணாம்பின் காரம் இருக்கும்வரை குளோரின் உள்ளேயே அடங்கியிருக்கும். ஆசிட் ஊற்றினீர்கள், காரம் முறிந்தது, குளோரின் மொத்தமாக வெளியே வந்தது. காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான வாயு அது. கதவடைத்த பாத்ரூமில் தரையோடு தங்கும். கடையில் பாட்டிலில் விற்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவமும் ஆசிட்டோடு சேர்ந்தால் இதே கதைதான். அம்மோனியா கலந்த கிளீனரோடு சேர்த்தால் குளோரமைன் என்னும் இன்னொரு எரிச்சல் வாயு. ஆசிட் போடும் நாளில் ஆசிட் மட்டும். நன்றாகக் கழுவி விட்டு, பவுடரை வேறொரு நாள் போடுங்கள்.

இனி கிணறு. தண்ணீரில் கரைந்ததும் குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலமாகி, கிருமியின் மேலுறையைத் துளைத்துக் கொல்கிறது. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ கிருமிகளெல்லாம் இதற்கு அடங்கும். ஆனால் தண்ணீரில் சேறும் சருகும் இருந்தால் குளோரின் அவற்றோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். கலங்கிய கிணற்றை இறைத்துத் தெளியவிட்ட பிறகே மருந்து போட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

அளவு: 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். உங்கள் கிணற்றுக்குக் கணக்கு (அகலம் × அகலம் × 0.785 × தண்ணீரின் ஆழம், எல்லாம் அடியில்): 6 × 6 × 0.785 × 10 = 283 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் சுமார் 8,000 லிட்டர். தேவை 20 கிராம்தான்! இரண்டு கை அள்ளினால் இதைப்போலப் பல மடங்கு.

20 கிராமை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்குங்கள். 10 நிமிடத்தில் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் வடித்து, கயிற்றில் கட்டிக் கிணற்று நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். அடிச் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடினமாகிவிடும். பவுடரை அப்படியே தூவினாலும் அதேதான், மருந்தும் சரியாகக் கலக்காது. இரவில் கடைசியாகத் தண்ணீர் எடுத்த பிறகு போட்டால் காலைக்குள் வேலை முடிந்திருக்கும். குறைந்தது ஒரு மணி நேரம் தண்ணீர் எடுக்கக் கூடாது.

ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். ஊராட்சியில் குடிநீர்த் தொட்டியைக் கவனிப்பவரிடம், மிஞ்சிய குளோரினை நிறம் பார்த்து அளக்கும் குளோரோஸ்கோப் இருக்கும். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். மிஞ்சவில்லையென்றால் அளவைக் கூட்ட வேண்டும். நெடி அடிப்பதாலேயே மருந்து போதும் என்று நினைத்துவிடாதீர்கள்; அழுக்கோடு சேர்ந்த குளோரினும் நெடியடிக்கும், அதன் கொல்லும் திறனோ மிகக் குறைவு.

இப்போது உள்ள தண்ணீரைக் குடிக்க வேண்டாம். மோட்டார் போட்டுப் பாதிக்கு மேல் இறைத்துவிடுங்கள், ஊறும் தண்ணீரை அளந்து இந்த முறையில் சுத்தம் செய்யுங்கள். சோதனையில் 0.5 அளவில் வந்தால் பெரியவர்கள் குடிக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 5 மில்லிகிராம்வரை பாதுகாப்பென்கிறது; அதற்குள் ருசியே தாங்காது. குழந்தைக்கு மட்டும் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள்: குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளும் அதில் சாகும், மிச்ச நெடியும் ஆவியாகிவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் 33 சதவீதம் குளோரின் உள்ள புதுப் பவுடருக்குத்தான். பிரித்துவைத்த பொட்டலம் ஈரக் காற்றில் வெகு சீக்கிரம் வீரியம் இழக்கும். கட்டிதட்டி, நெடியற்றுப் போயிருந்தால் தூக்கியெறிய வேண்டியதுதான். சிறு பொட்டலமாக வாங்கி, மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில், இருட்டான, காய்ந்த இடத்தில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆசிட் பாட்டிலும் மண்ணெண்ணெயும் அந்த அலமாரியில் இருக்கக் கூடாது.